மத்தியானத்தில் அணைந்த பச்சை எழுத்துகள்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால்கூட இரண்டு நிறுத்தத்துக்குள் எழுந்து நின்றுவிடுவேன். ஆனால் எண்பதுகளின் பின்பாதியில், ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரின் தட்டாஞ்சாவடியில், ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு ஷெட்டின் பின்னறையில் நான் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் அவள் இருந்தாள், அதனால்.

முன்பக்கம் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பெண்கள், வார்னிஷ் நெடி, உருகும் ஈயத்தின் மெல்லிய புகை. நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் ஏசி, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் அட்டை, ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஸ்டெபிலைசரை எவன் வேண்டுமானாலும் செய்வான், இனிமேல் சாஃப்ட்வேர்தான் என்று ஷெட் முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் இருவரையும் அதற்காகத்தான் வேலைக்கு வைத்தார்.

“ஏசி கம்ப்யூட்டருக்கும்மா. நீங்க ரெண்டு பேரும் ஓசியில அனுபவிக்கிறீங்க, ஞாபகம் வெச்சுக்கங்க” என்பார், தடுப்புக்கு மேலே தலையை மட்டும் நீட்டி.

“அப்ப கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னா நாங்களும் படுத்துக்கலாமா சார்?” என்பாள் அவள். முன்பக்கத்துப் பெண்கள் சிரிப்பது தடுப்பைத் தாண்டி வரும்.

முதலாளி சென்னையிலிருந்து ஒரு லைப்ரரி வாங்கி வந்திருந்தார். புத்தகம் அடுக்கிய இடமல்ல. தொட்டால் வளையும் இரண்டு ஃபிளாப்பிகளும் கனமான ஒரு கையேடும்தான் அது. யாரோ ஒருவர் எங்கோ எழுதி முடித்த வேலைகள் அதற்குள் மூட்டையாகக் கிடந்தன. விவரத்தை ஃபைலில் போடுவது, கேட்டதும் தேடி எடுப்பது, எது எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்வது. டேட்டாபேஸுக்கென்று தனியாகப் பெரிய மெஷின், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் என்பதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கதை. நாங்கள் எழுதுகிற புரோகிராமுக்குள்ளேயே இந்த லைப்ரரியைச் சேர்த்துவிட்டால், புரோகிராம் தன் களஞ்சியத்தைத் தானே சுமந்துகொண்டு நடக்கும். ஒரு ஃபிளாப்பியில் அடங்கி, சைக்கிள் கூடையில் ஏறி, எந்தக் கடைக்கும் போகும்.

“நம்ம புரோகிராம் புள்ளத்தாச்சிடி” என்றாள் அவள், முதன்முதலாக இரண்டும் இணைந்து ஓடியபோது. “பாத்து நடக்கணும்.”

நான் தட்டுத் தடுமாறி எழுதுவேன். அவள் எழுதுவது வேறு. விரல் தொடும் முன்பே அது எங்கோ முழுசாக இருந்தது போலவும், இவள் வெறுமனே தூசியைத் துடைப்பது போலவும் இருக்கும். திரையில் பச்சை எழுத்துகள் நகர, அவள் உதடும் கூடவே நகரும். அவளைப் பார்த்துத்தான் நான் பிற்பாடு கவிதை எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி தேவையில்லை என்றால் அதைத் தயங்காமல் அழிக்கிற கை அவளுடையது.

அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அனைவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்த அண்ணனோடு போய்ச் சேர்ந்துவிட அப்பாவும் அம்மாவும் முடிவெடுத்திருந்தார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு. அவள் வரமாட்டேன் என்றாள். முத்தியால்பேட்டையில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் இருந்துகொள்கிறேன், இந்த வேலைதான் வேண்டும் என்றாள். அந்தப் பேச்சு நடந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“கம்பி சுத்துற ஷெட்ல குந்திக்கினு டைப் அடிக்கிறதுக்குப் பேரு வேலையா?” என்றார் அப்பா, ரொட்டியை மீன் குழம்பில் தோய்த்தபடி.

“டைப் இல்லப்பா. புரோகிராம்.”

“யாருக்கு?”

“மருந்துக் கடைக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. உருப்படியான வேலையா அது?”

“இவள மாதிரி எழுத இந்த ஊர்ல ஆள் இல்லப்பா” என்றேன்.

“ஊர்ல மொத்தம் எத்தினி பேரு எழுதுறீங்க?”

அவளே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு கை கழுவிக்கொண்டே சொன்னார்: “சரி. வருஷம் திரும்பறதுக்குள்ள அந்தக் கடையில உன் மிஷினு ஒழுங்கா நின்னு ஓடுச்சுன்னா, நீ இரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லேன்னா மூட்டையக் கட்டு. அப்புறம் அழக்கூடாது.”

அந்த மருந்துக் கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. கூரை உயரத்துக்குத் தேக்கு அலமாரிகள், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பீங்கான் ஜாடிகள். கடை முதலாளியை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை மீசை, பொறுமை என்பது கொஞ்சமும் கிடையாது.

“மத்மசேல், எனக்குக் காத்திருக்கப் புடிக்காது. ஒருத்தன் வந்து இருமல் மருந்து கேட்டா, அவன் இருமி முடிக்கிறதுக்குள்ள இருக்கா இல்லையான்னு சொல்லணும்.”

அதற்காகவே அவள் அப்படி அமைத்தாள். மெஷின் உயிர் பெற்றதும் ஃபைல்கள் திறக்கும். நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். ஒவ்வொரு விற்பனையையும் லைப்ரரி முதலில் மெஷினின் நினைவில் வைத்துக்கொள்ளும், சாவகாசமாக ஹார்ட் டிஸ்க் என்கிற தட்டுக்கு மாற்றும். புரோகிராமை விட்டு வெளியே வரும்போது மிச்சம் மீதி எல்லாவற்றையும் எழுதி, ஃபைல்களை மூடும். திறப்பதும் மூடுவதும்தான் நேரம் தின்கிற வேலைகள், அவை நாளுக்கு ஒருமுறை நடந்தால் போதும். வேகம் கிடைத்தது. இருமல் பாதியில் இருக்கும்போதே பதில் வந்தது. முசே “போன், போன்” என்று பிரெஞ்சில் மெச்சி மேசையைத் தட்டினார்.

அப்புறம் பிசாசு புகுந்தது.

காலையில் விற்ற மருந்துகள் மாலையில் திரும்பி வந்தன. அலமாரியில் அல்ல, திரையில். காலியான டானிக் பாட்டில்கள் மறுபடியும் இருப்பில் எழுந்து நின்றன. எல்லா நாளும் அல்ல, எல்லா மருந்தும் அல்ல. ஒருநாள் அட்டவணையே குழம்பி, காய்ச்சல் மாத்திரை கேட்டதற்குக் கண் சொட்டு மருந்து இருந்த அலமாரித் தட்டின் எண்ணைக் காட்டியது.

“ஏசு உயிர்த்தெழுந்தாரு, நம்பறேன்” என்றார் முசே. “ஜெலுசில் ஏன்மா உயிர்த்தெழுது?”

கவுன்ட்டரில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட கடைக்கார அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்களுக்கு வியர்த்தது. டிசம்பர் கடைசியில் கடையில் இருப்பு எடுப்பார்கள், இன்வென்த்தேர் என்பார் முசே. அதற்குள் சரியாகாவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் அப்பா வைத்த கெடுவும் அதே வருஷக் கடைசிதான்.

தேடினோம். எதையெல்லாம் சந்தேகப்பட்டோம்! லைப்ரரியே கோளாறு என்றோம். கடல் காற்றின் உப்பு மெஷினுக்குள் இறங்கி இணைப்புகளைத் தின்கிறது என்றோம். தட்டில் கீறல் என்றோம். அவளுடைய அம்மா யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினார். அதையும் சிபியூ மேல் வைத்தோம். ஷெட்டில் அதே புரோகிராமை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை. எப்படி இருக்கும்? அங்கே எங்கள் ஸ்டெபிலைசரும் பேட்டரியும் குழந்தையைப் போல அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் அணைத்தாலொழிய அது அணைந்ததே இல்லை.

“அக்கா, ராத்திரி கடை கட்டும்போது ஒழுங்கா வெளிய வந்துட்டுதான ஆஃப் பண்றீங்க?” என்று கேட்டாள்.

“ஐய, தெனம் நீ சொல்லிக் குடுத்த மாதிரிதாம்மா. ‘தேங்க் யூ’ன்னு எழுத்து வந்தப்புறம்தான் சுவிட்சுல கையே வெக்கிறேன்.”

“நடுவுல கரண்ட்டு போவுதா?”

“போனா முசே போடற சத்தம் ஷெட்டு வரைக்கும் கேக்குமே உங்களுக்கு!”

அத்தனையும் உண்மை. அக்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் இருட்டிய பிறகு நடப்பதைப் பற்றியும், தானாக நடப்பதைப் பற்றியும்தான் இருந்தன.

டிசம்பர் பிறந்தது. அவள் இளைத்துப்போனாள். எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்து, சரியாக இருந்தவற்றையும் மாற்றி, மாற்றியதை மறுபடி மாற்றி. ஒருநாள் காலை ஷெட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்:

“போலாம்ப்பான்னு சொல்லிட்டேன்டி.”

“ஏன்டி? இன்னும் நாள் இருக்குதே.”

“எனக்கே என் மேல நம்பிக்கை போச்சு. ஒரு மருந்துக் கடையக்கூட ஓட்ட முடியல. இதுக்குப் போயி அப்பா அம்மா ரெண்டு பேரையும் தனியா அனுப்பணுமா?”

நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் நினைவில்லை. அவ்வளவு பலமில்லாத வார்த்தைகளாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் பிரெஞ்சுத் தூதரகமான கான்சுலாவில் பயணத் தாள்களில் கையெழுத்துப் போட அவளோடு நானும் போனேன். கடற்கரைச் சாலையில் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பேனாவை வாங்கினாள், கையெழுத்துப் போட்டாள், பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் “மெர்சி” என்று நன்றி சொன்னார். அவ்வளவுதான் அந்த முடிவின் சத்தம்.

வெளியே வந்ததும், முசே கடையில் விட்டுவந்த ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். நடந்தோம். நடு மத்தியானம். எங்கள் ஊரில் மத்தியானத்தில் கடைத்தெருவுக்கு யாரும் போவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஷட்டர்கள் இறங்கும், வெயில் தாழ்ந்த பிறகுதான் ஏறும். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அவனுடைய மத்தியானத் தூக்கம் மட்டும் இந்தத் தெருக்களை விட்டுப் போகவில்லை. வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது விசித்திரம். எங்களுக்கு அது மூச்சு. அதனால்தான் இத்தனை நாளும் ஒருமுறைகூட அந்த நேரத்தில் நாங்கள் அங்கே போனதில்லை. அன்றைக்கு இருந்த மனசில் நேரம்கூடத் தோன்றவில்லை.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். நானும் குனிந்தேன். இருட்டிய கடைக்குள், ஜாடிகளுக்கு நடுவே, திரையில் பச்சை எழுத்துகள். எங்கள் புரோகிராம், அடுத்த மருந்தின் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கடையில் ரொம்ப காலமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், தோளில் துண்டோடு, சுவரோரம் போய்க் கையை உயர்த்தினார். மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். மின்விசிறி தளர்ந்தது. பச்சை எழுத்துகள் ஒரு புள்ளியாகச் சுருங்கின. புள்ளியும் போயிற்று.

“அண்ணே! என்னா பண்ணீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “மெயின ஆஃப் பண்ணேன். முசே தூங்கப் போயிட்டாரு. ஏம்மா?”

“தெனமுமா?”

“இது என்னா கேள்வி? நீ இந்த ஊர்ல பொறந்த பொண்ணுதான?”

அவள் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். முதலில் சிரிப்புதான். அண்ணன் கலவரமாகி “வெயில்ல வந்துட்டுது போல, தண்ணி குடும்மா” என்று என்னிடம் செம்பை நீட்டினார்.

காலை முழுக்க நடந்த விற்பனையில் பாதி நினைவில் நின்றுகொண்டிருக்கும். மத்தியானம் அந்தக் கை கீழே இழுக்கும். தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பிழைக்கும், சேராதது காற்றில் போகும். அட்டவணையின் ஒரு பக்கம் புதிதாக, மறுபக்கம் பழையதாக நிற்கும். மாலையில் மெயின் ஏறும்போது மெஷின் ஒன்றும் அறியாமல் விழித்துக்கொள்ளும். காலியான பாட்டில்கள் எழுந்து வரும். அக்காவுக்கு அது கரண்ட் போவதல்ல, கடை கட்டுவதும் அல்ல. அது மத்தியானம். மத்தியானத்தைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவள் மாற்றினாள். ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் ஃபைலை மூடு, மறுபடி திற. ஒரே ஒரு வரி, அதைத் தேவையான இடங்களில் எல்லாம் போட்டாள். மெதுவாயிற்று. ஆனால் எந்தக் கை எப்போது மெயினை இழுத்தாலும், அதற்கு முன் விற்றது விற்றதுதான்.

“இப்ப இருமி முடிச்சு, தும்மலும் போட்டுடறான் மத்மசேல்” என்றார் முசே. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். இன்வென்த்தேரில் அலமாரியும் திரையும் ஒன்றையே சொன்னபோது, அவர் எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார். அவர் கடையில் ஒரு பெண்ணுக்கு அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று நேராக அவள் வீட்டுக்குப் போனோம். கூடம் பெரிதாகத் தெரிந்தது. அலமாரி இருந்த இடத்தில் சுவரில் வேறு நிறம்.

“சரியாயிடுச்சுப்பா. நின்னு ஓடுது. இன்னும் வருஷம் திரும்பல.”

அவர் கட்டி வைத்த மூட்டை ஒன்றைத் தள்ளி அவள் உட்கார இடம் விட்டார். “நான் சொன்ன வார்த்த இருக்குது. இல்லேங்கல” என்றார். “நீயும் ஒரு வார்த்த சொன்ன, போலாம்னு. அத நம்பித்தான் உங்க அண்ணன் உனக்கு வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கான். வூட்டுக்கு ஆள் பேசியாச்சு. உங்கம்மா பாத்திரத்தக்கூடக் குடுத்துட்டா. இப்ப நீயே சொல்லு. நான் குறுக்க நிக்கமாட்டேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன். கோபத்தோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெரியும். அவள் அம்மா மிச்சமிருந்த ஒரே சட்டியில் எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்த முதுகைப் பார்த்தாள்.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்கள்.

போவதற்கு முன் தன் வரிகளையெல்லாம் எனக்கு விளக்கினாள். நான் தலையாட்டினேன். பாதி புரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனிக்கும், ஒரு செருப்புக் கடைக்கும் நான் எழுதிக்கொடுத்தவை எல்லாம் அவள் எழுதியதன் நிழல்கள்தான். அவளிருந்தால் என்னவெல்லாம் எழுதியிருப்பாள் என்று யோசிக்காமல் ஒரு ஃபைலையும் நான் திறந்ததில்லை. இதில் குற்றம் சாட்ட ஆள் கிடைத்திருந்தால் மனசு எப்போதோ ஆறியிருக்கும். கையேடு எழுதியவனுக்கு எங்கள் மத்தியானம் தெரியாது. எங்களுக்கு அது தெரியும் என்பதே தெரியாது. ஒரே ஒரு நாள், பசி எடுக்காமல், வெயில் உறைக்காமல், சும்மாவாவது அந்தத் தெருப் பக்கம் போயிருந்தால்.

இரண்டு வருஷம் கழித்து, நாத்தனார் கல்யாணம் என்று முத்தியால்பேட்டை அக்கா வீட்டில் கூப்பிட, அவள் வந்தாள். நல்ல கோட்டு, குட்டையாக வெட்டிய முடி. நானும் அவளும் பீச்சில் நடந்தோம். பாரிஸ் பக்கம் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற சமையற்கூடத்தில் வேலை என்றாள்.

“கம்ப்யூட்டர்?”

“யார்டி குடுப்பா? படிச்சதுக்குப் பேப்பர் கேப்பாங்க. நம்ம கிட்ட என்னா பேப்பர் இருக்குது? தட்டுத் தட்டா வரும். ரொட்டி வெப்பேன், வெண்ணெ வெப்பேன், தள்ளுவேன்.” கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள். “முசே கடையில இன்னும் மெதுவாத்தான் ஓடுதா?”

“அப்படியேதான்.”

“மூடித் தொறக்க வேணாம்டி. எங்க பெல்ட்டுல தட்டு பெரிய வண்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சீட்ட ஆணியில குத்திடுவோம், என்ன தட்டு, எந்த ஃப்ளைட்டுன்னு. வண்டி கவுந்தாக்கூட சீட்டப் பாத்து மறுபடி அடுக்கிடலாம். அது மாதிரி பண்ணு. விக்கிறத உடனே ஒரு சின்ன ஃபைல்ல மட்டும் வரிசையா எழுது. அத மட்டும் மூடு. சின்னது, நேரம் ஆவாது. பெரிய ஃபைல நெனவுலயே வெச்சுக்க, மெதுவா எழுதட்டும். மெயின் போச்சுன்னா, திரும்பி வரும்போது சின்னதப் படிச்சு பெரியதச் சரி பண்ணிக்கிட்டா தீந்துச்சு.”

நான் நின்றுவிட்டேன். “இத எப்படி யோசிச்ச?”

“நின்னுக்கினே இருக்கறேன்ல. மண்ட சும்மாவா இருக்கும்?” என்று சிரித்தாள். “எழுதிப் பாக்கத்தான் மிஷினு இல்ல.”

அவள் விமானம் ஏறிய வாரத்தில் அதை எழுதினேன். அவளாக இருந்தால் ஒரு காலையில் முடித்திருப்பாள். எனக்குப் பல நாள் பிடித்தது. ஓடியது. இந்த வழிக்கு உலகத்தில் பெரிய பெயர் இருக்கிறது, பெரிய பெரிய டேட்டாபேஸ்கள் இதை நம்பித்தான் நிற்கின்றன என்று பின்னாளில் எங்கோ படித்தேன். படித்த அன்று நாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

புதிய ஃபிளாப்பியைப் போட்டுவிட்டு முசே கடையில் நின்றிருந்தேன். யாரோ இருமிக்கொண்டே வந்தார். அக்கா தட்டினார். இருமல் முடிவதற்குள் திரையில் பதில்.

“அடேங்கப்பா!” என்றார் அக்கா. “கத்துக்கிட்டியே! முன்ன இருந்த பொண்ணு நல்லாத்தான் பண்ணிச்சு, ஆனா இந்த வேகம் இல்லம்மா.”

இது அவள் எழுதியதுதான் அக்கா என்றேன். வந்தவர் சில்லறைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.